அடையாக் கதவு: ஷெப்பர்டு ஐயர் வரலாறு

தேவாலயத்தின் வாயிற்படியில் இரவுதோறும் வந்து படுத்துறங்கும் வீடற்றான் ஒருவனை அவ்வாலயத்தார் யாது செய்தல் வேண்டும்? இவ்வினா புதிதன்று; ஆலயங்கள் தோன்றிய நாள்தொட்டே தோன்றியது. இதற்கு உலகோர் கூறும் விடைகளும் பழையனவே. கம்பிவேலி இட்டுக் காவலனை நிறுத்துவார் ஒரு சாரார். காசு ஈந்து அப்பாற் போக்குவார் மற்றொரு சாரார். குறித்த நாளிற் குறித்த நேரத்திற் கஞ்சி வார்த்து, வார்த்து முடிந்ததும் கதவடைப்பார் பிறிதொரு சாரார். இம்மூன்றும் போதா எனக் கண்டு, கதவையே அடையாது விட்ட குருவானவர் ஒருவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்தனர். அவர்தாம் ஷெப்பர்டு ஐயர். போரொழிப்பிற்கு உழைத்தவர் என்றே அவர் பெயர் இன்று பெரிதும் பேசப்படுகின்றது. அப்பணியை நாம் மறந்திலேம். ஆயினும் ஈண்டு விரித்துரைக்கப் புகுவது, தம் ஆலயத்தின் வாயிலை அவர் என் செய்தார் என்பதனையே.

ஹியூ ரிச்சர்டு லாரி ஷெப்பர்டு என்பது அவர்தம் முழுப்பெயர். இலண்டன் மக்களோ டிக் ஷெப்பர்டு என்றே வழங்கினர். மன்னர் குடும்பத்தாரும் மதித்த குருவானவர் ஒருவரைத் தெருவோரத்தார் செல்லப்பெயரால் வழங்கினர் என்பதே அவர் இயல்பிற் பாதியைப் புலப்படுத்தும். 1880ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் வின்ட்சர் நகரிற் பிறந்தார். தந்தையார் எட்கர் ஷெப்பர்டு அந்நகரத்து அரச ஆலயத்திற் பணிபுரிந்த குருவானவர். ஆதலின் மகனாரின் பிள்ளைப்பருவம் மன்னர் மாளிகையின் மதில்நிழலிற் கழிந்தது. மார்ல்பரோப் பள்ளியிற் பயின்றார். தென்னாப்பிரிக்காவிற் போயர்ப் போர் மூண்டபோது படையிற் சேர விழைந்து புறப்பட்டார்; வழியில் நேர்ந்த வண்டி விபத்தினாற் கால் ஊறுபட்டது; அவ்வூறு வாழ்நாள் முழுதும் தீர்ந்திலது. பின்னாளிற் போரை முற்றும் வெறுத்தவர் இளமையிற் போர்க்கோலம் பூண ஆவலுற்றார் என்பது நோக்கத்தக்கது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரினிட்டி ஹால் என்னும் கல்லூரியிற் பயின்று வெளிவந்தபின், கிழக்கிலண்டனில் பெத்னல் கிரீன் பகுதியிலுள்ள ஆக்ஸ்போர்டு இல்லத்தை அடைந்தார். இவ்வில்லம் 1884ஆம் ஆண்டில் தோன்றியது. பல்கலைக்கழகத்திற் கற்ற இளைஞர் ஏழைகள் வாழுந் தெருவிலேயே குடியிருந்து அவர்களோடு பழகுதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஈண்டு ஒரு நுட்பம் உளது. பகலெல்லாம் ஏழைகளுக்கு உதவி, மாலையில் தம் வீடு திரும்புவார் உலகிற் பலர். அவ்வில்லத்தார்க்கோ மாலையில் திரும்புதற்குரிய வீடும் அத்தெருவிலேயே இருந்தது. அடுத்த வீட்டுச் சச்சரவும் குழந்தையின் இருமலும் அவர்தம் செவியிலும் விழுந்தே தீரும். ஏழைமை என்பது நூலிற் படிக்கும் பொருளன்று, சுவருக்கு அப்பால் உறங்கும் மனிதர் என்னும் அறிவை ஷெப்பர்டு பெற்ற இடம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

அக்காலை ஸ்டெப்னிப் பகுதியின் அத்தியட்சராயிருந்த காஸ்மோ லாங் என்பவர்க்குச் செயலாளராகவும் சில காலம் இருந்தார். இந்த லாங் அவர்களே பிற்காலத்திற் கான்டர்பரிப் பிரதம அத்தியட்சர் ஆயினார். குருத்துவக் கல்வி முடித்து 1907இல் டீக்கன் பட்டமும் 1908இல் குருப்பட்டமும் பெற்று, மீண்டும் ஆக்ஸ்போர்டு இல்லத்திற்கே தலைவராகச் சென்றார். ஆனால் வந்தார்க்கு இல்லை என்று சொல்ல மாட்டாத அவர், தம் உடலுக்கு ஓய்வு என ஒன்று வேண்டும் என்பதை அறிந்திலர். சின்னாளிலே உடலும் உள்ளமும் தளர, அப்பொறுப்பினின்றும் நீங்க நேர்ந்தது. ஈளை நோயும் அவரை வருத்தி வந்தது. இத்தளர்ச்சி அவர் வாழ்விற் பன்முறை திரும்ப வரும். வாசகர் இதனை நினைவிற் கொள்க.

இனி, அவர் பெயரோடு பிரியாது நிற்கும் ஆலயத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இலண்டன் மாநகரின் நடுவே டிரபால்கர் சதுக்கம் உளது. அதன் வடகீழ்க் கோடியில், உயர்ந்த தூண்கள் தாங்கும் முகமண்டபமும் அகன்ற படிக்கட்டும் மேலே ஓங்கிய கோபுரமும் உடையதாய் நிற்பது தூய மார்ட்டின் ஆலயம். ஜேம்ஸ் கிப்ஸ் என்னுஞ் சிற்பியார் வகுத்த வண்ணம் 1722 முதல் 1726 வரை கட்டப்பெற்றது. பக்கிங்காம் மாளிகை இதன் திருச்சபை எல்லைக்குள் அடங்கும். முதலாம் ஜார்ஜு மன்னரே இதற்கு மேற்பார்வையாளராயிருந்தனர் என்றால் இதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டா. மன்னர் குடும்பத்தார்க்கு ஒரு தனிமாடமும் கடற்படைத் தலைவர்க்கு ஒரு தனிமாடமும் உள்ளே அமைந்துள.

ஆனால் இவ்வாலயம் யார் பெயரைத் தாங்கி நிற்கின்றது? நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ட்டின் என்னும் உரோமைப் போர்வீரர், கடுங்குளிர் நாளொன்றில் ஆமியான் நகரின் வாயிலில் உடையின்றி நடுங்கிய இரவலனைக் கண்டு, தம் மேலாடையை வாளாற் பிளந்து பாதியை அவனுக்குப் போர்த்தினர் என்பது வரலாறு. அன்றிரவு கனவில், அப்பாதி ஆடையை அணிந்து நின்றவர் இயேசு பெருமானே எனக் கண்டனராம். அவ்வாடையைப் பேணி வைத்த இடத்திற்கு வழங்கிய இலத்தீன் சொல்லினின்றே சிற்றாலயத்தைக் குறிக்கும் சேப்பல் என்னும் ஆங்கிலச் சொல்லும், அதனைக் காத்த குருவினின்று சாப்ளின் என்னுஞ் சொல்லும் பிறந்தன என்பர் சொல்லாராய்ச்சியாளர். குளிரில் நடுங்கினானுக்கு ஈந்த துணியிலிருந்து ஆலயத்தின் பெயரே தோன்றியிருக்க, அத்தகைய ஆலயத்தில் நடுங்குவோனுக்கு இடமில்லையென்றால் அது சொல்லுக்கும் பொருந்தாது, பொருளுக்கும் பொருந்தாது.

இடமின்றி நடுங்கியோர் அவ்வாலயத்தைச் சுற்றிலும் இருந்தனர். சதுக்கத்தின் இருக்கைகளிலும், சிறிது தூரத்தே தேம்ஸ் ஆற்றங்கரைச் சாலையிலும், சேரிங் கிராஸ் பாலத்தின் அடியிலும் வீடற்றோர் இராப்பொழுதைக் கழித்தனர். உறங்கினர் என்னாது கழித்தனர் என்றதற்குக் காரணம் உண்டு. 1824ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பிழைப்புக்கு வழி காட்ட மாட்டாது திறந்தவெளியிற் படுத்துறங்குதல் அக்காலத்திற் குற்றமாயிருந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போர்கள் முடிந்து, படைவீரர் பலர் வேலையும் வீடுமின்றித் திரிந்த காலத்தில் எழுந்த சட்டம் அது. நாட்டுக்காகப் போர்புரிந்தவனை நாட்டிலே படுக்கவொட்டாது தடுத்தது! ஏழைவிடுதிகளில் இடம் பெறலாம் எனின், ஓரிரவு தங்கியதற்கு மறுநாட் கல்லுடைத்தோ பழங்கயிற்றைப் பிரித்தோ கடன் கழித்தல் வேண்டும். கையில் இரண்டு பென்னி உடையார்க்கு வேறொரு வழியும் உண்டு. நீண்ட பலகையில் வரிசையாக அமர்ந்து, எதிரே கட்டிய கயிற்றின்மேற் சாய்ந்து உறங்கலாம். விடியற்காலையிற் கயிற்றை அவிழ்த்துவிடுவர். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தாமே வீடற்றோருடன் திரிந்து கண்டவற்றை 1933ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார்.

1914ஆம் ஆண்டு ஷெப்பர்டு இவ்வாலயத்தின் குருவாக அழைக்கப்பட்டார். பேராலயம் பெயரளவில் இருந்தது, வழிபடுவோர் அருகியிருந்தனர். முதல் வழிபாட்டிற்கு வந்திருந்தோர் பதினொருவரே என்பர். பொறுப்பை ஏற்குமுன் அவர் செய்த முதற்செயல், ஆலயக் கணக்கை நோக்குவதன்று. சுற்றுப்புறத்துத் தெருக்களில் இரவில் நடந்து, ஆங்கிருந்தாரோடு பேசி, அவ்வாலயம் அவர்களுக்கு யாதாக இருக்கின்றது என வினாவியதே. யாதாகவும் இல்லை என்பதே கிடைத்த விடை. அவர்கள் அதனை வெறுத்தாருமல்லர். கல்லாலான மலையொன்று தெருவில் நிற்பதுபோல அதனைக் கடந்து சென்றனர். வெறுப்பினும் இது கொடியது என நாம் நினைக்கின்றோம். வெறுப்பவன் ஒருநாள் வாதாட வருவான். கடந்து செல்வான் வாரான்.

இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. ஷெப்பர்டு பிரான்சு நாட்டில் ஆஸ்திரேலிய மருத்துவமனை ஒன்றிற் சில வாரங்கள் குருவாகப் பணியாற்றிவிட்டு நவம்பர்த் திங்களில் இலண்டன் திரும்பிப் பொறுப்பேற்றார். அன்று ஆற்றிய அருளுரையில், பிரான்சில் இருந்தபோது தம் உள்ளத்தில் எழுந்த ஒரு காட்சியை எடுத்துரைத்தார். தாம் அவ்வாலயத்தின் மேற்குப் படிக்கட்டில் நிற்பது போலவும், விளக்கு அணையாத அவ்வாலயத்துள் பகலும் இரவும் எல்லா நிலையினரும், சிறப்பாகக் களைத்தோரும் சிதைந்தோரும், தத்தம் வீட்டிற்குட் புகுவார்போல ஒழுகிச் செல்வது போலவும், ஏழையென்று ஒருவரையும் தூணின் பின்னே ஒதுக்கி நிறுத்தாதது போலவும் அக்காட்சி அமைந்திருந்தது. கேட்டவர் இதனை அழகிய கற்பனை என்று எண்ணியிருப்பர். குருமார் பொறுப்பேற்கும் நாளில் அழகிய கற்பனைகள் கூறுவது வழக்கமே. இவர் வேறுபட்டது, மறுநாளே அதைச் செய்யத் தொடங்கியதில்தான்.

ஆலயத்தின் அண்மையிலே உள்ளது சேரிங் கிராஸ் புகைவண்டி நிலையம். பிரான்சுப் போர்க்களத்தினின்று விடுமுறையில் வரும் வீரரும் புண்பட்டோரும் அவ்வழியே வந்திறங்கினர். நள்ளிரவில் இறங்கியவர்க்கு ஊர் செல்லும் வண்டி விடியும்வரை இல்லை, தங்குமிடம் இல்லை, சேறு படிந்த காலணியோடு தெருவில் நின்றனர். ஷெப்பர்டு ஆலயக் கதவுகளைத் திறந்துவிட்டார். ஆலயத்தின் ஆசனங்களிலும் அடியிலுள்ள நிலவறையிலும் வீரர் படுத்துறங்கினர். அந்நிலவறை முன்னொரு காலத்தில் இறந்தோரை அடக்கஞ் செய்த இடம். இறந்தோர்க்கு என வகுத்த அறை, சாவின் வாயினின்று சில நாள் விடுபட்டு வந்தோர்க்குப் படுக்கையறை ஆயிற்று.

வீரருக்குத் திறந்த கதவு அவர்களோடு நின்றுவிடவில்லை. நாடே போற்றும் போர்வீரனுக்கு இடமளிப்பதை யார் தடுப்பர்? திறந்த கதவின் வழியே வீரன் பின்னே வீடற்றவனும் வந்தான். போர் 1918இல் முடிந்தது. 1921ஆம் ஆண்டில் அந்நாட்டில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. நேற்றுப் பதக்கம் அணிந்து வந்தவனே இன்று கந்தல் அணிந்து வந்தான். ஆளும் அவனே, படியும் அதுவே. ஊராரின் பார்வை மட்டும் வேறாயிற்று. வீரனாக வந்தபோது திறந்த கதவை இரவலனாக வந்தபோது அடைப்பதற்கு நியாயம் யாதும் இல்லை என்பதனைத் தூய மார்ட்டின் ஆலயத்தார் கண்கூடாகக் கண்டனர். கதவு திறந்தே நின்றது. என்றும் திறந்த கதவுடைய ஆலயம் என்னும் பெயரும் நிலைத்தது.

சங்ககாலத்துப் புலவர் தம் புரவலரைப் பாடுங்கால் அவர்தம் வாயில் அடைக்கப்படாதது எனப் போற்றுதலைத் தமிழ் மாணவர் அறிவர். ஆயினும் அவ்வாயிலுள் நுழைந்தவர் பாடவோ ஆடவோ வல்லவராய் இருந்தனர். புரவலர்க்குப் புகழ் ஈடாகக் கிடைத்தது. ஷெப்பர்டின் வாயிலில் நுழைந்தவர்க்கு ஈடாகத் தருவதற்கு ஒன்றும் இல்லை. உண்மையைக் கூறின், அவர்கள் கொணர்ந்தவை அழுக்கும் பேனும் மதுவின் நாற்றமுமே.

இதனைச் சொல்லாது விடுதல் தகாது. ஏழைகளுக்கு ஆலயத்தில் இடமளித்தல் வேண்டும் என்று மேடையிற் பேசுவோர், ஏழையின் கால் நாறும் என்பதனைச் சொல்லுவதில்லை. ஆலய நிலத்தில் வீடற்றோர் தங்குவதை எதிர்ப்போர் எல்லாரும் கன்னெஞ்சரும் அல்லர். அவர் கூறும் தடைகளில் உண்மை உண்டு. தூய்மையான இடம் மாசுபடும் என்பர். வழிபட வருவோர் அஞ்சி நீங்குவர் என்பர். உழைக்க மாட்டாத வஞ்சகரும் நுழைவர் என்பர். படுக்க இடங் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டான் என்பர். இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஆலயம் மாசுபடும் என்பார், எருசலேம் தேவாலயத்தை ஆண்டவர் தூய்மை செய்த நிகழ்ச்சியை மேற்கோளாகக் காட்டுவர். ஆனால் மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் 21ஆம் அதிகாரத்தைச் சிறிது தொடர்ந்து படித்தல் நன்று. ஆண்டவர் துரத்தியது காசுக்காரரை, துரத்தி முடித்த அளவிலே அதே ஆலயத்திற்குள் குருடரும் முடவரும் அவரிடம் வந்தனர், அவர்களைச் சொஸ்தமாக்கினார். அவர் செய்த தூய்மை அது. நாம் செய்வதோ பலவிடத்து இதற்கு நேர்மாறு. காசுக்காரர்க்கு முன்னிருக்கை தந்து, முடவரைப் படிக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஆலயம் தூய்மையாக உள்ளது என மகிழ்கின்றோம்.

வழிபடுவோர் நீங்குவர் என்னும் அச்சத்திற்குத் தூய மார்ட்டின் ஆலயமே விடை. பதினொருவரோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் அவ்விடத்தில், பத்தாண்டுகள் நிறைவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் உள்ளே இடம் பெறுவதற்காக மக்கள் வரிசையில் நின்றனர். எல்லாரும் ஏழைமேல் இரங்கி வந்தனர் என நாம் சொல்லவில்லை. ஷெப்பர்டின் பேச்சு இனிமையானது, எளிமையானது, அதற்காக வந்தோர் பலர். ஆயினும் வாயிலில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் சொல்லாத ஓரிடத்தில் பேச்சுக்குத் தனியே ஒரு வலிமை உண்டாகின்றது.

வஞ்சகர் நுழைவர் என்பது மறுக்கலாகாத உண்மை. கேள்வி கேளாத வாயிலில் அவரும் நுழைவர். ஆனால் வஞ்சகனைத் தடுக்கக் கேள்வி கேட்கத் தொடங்கின், அக்கேள்விக்கு முதலில் நாணி விலகுபவன் வஞ்சகன் அல்லன், மானமுள்ளவனே விலகுவான். வஞ்சகன் எக்கேள்விக்கும் விடை கற்று வைத்திருப்பான். இறுதித் தடை பற்றி நாம் உறுதியாக ஒன்றும் கூறுதற்கில்லை. படுக்க இடம் பெற்றவருட் பலர் எழுந்தனர். பலர் எழவும் இல்லை. கதவு திறந்திருத்தல் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதனைப் பின்வந்தோர் கண்டு கொண்டனர். அதனைக் கீழே கூறுவோம்.

இங்கே ஆர்வெலின் நூலிலிருந்து மற்றிரு செய்திகளை ஒப்புநோக்கல் தகும். இலண்டனிற் பிறிதோர் ஆலயத்தில் வாரந்தோறும் வீடற்றோர்க்குத் தேநீரும் உணவும் தந்து, அதன்பின் வழிபாட்டிலும் இருத்தினர். உண்டவர் மேன்மாடத்தில் அமர்ந்து நகைத்தும் கூச்சலிட்டும் அவ்வழிபாட்டைக் குலைத்தனர். நன்றி கெட்டவர் என்று அவரைக் கடிவது எளிது. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிடச் செய்தார்மேல் பழி தீர்த்த செயல் அது என்பது ஆர்வெலின் கருத்தாகத் தோன்றுகின்றது. சேரிங் கிராஸ் பாலத்தின் அடியிலோ, இளங்குரு ஒருவர் உணவுச் சீட்டுகளை நாணத்தோடு ஒவ்வொருவர் கையிலும் வைத்துவிட்டு, நன்றி சொல்லும்வரை நில்லாது விரைந்து சென்றாராம். அவரை வீடற்றோர் உளமாரப் போற்றினர். இவர் ஒருநாளும் அத்தியட்சர் ஆகமாட்டார் என்பதே அவர்கள் அளித்த பாராட்டு! படுக்கைக்கு விலையாக வழிபாட்டைக் கேளாதிருந்த ஷெப்பர்டும் இப்பாராட்டிற்கு உரியவரே. அவரும் அத்தியட்சர் ஆயினாரல்லர்.

1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் தூய மார்ட்டின் ஆலயத்தின் வழிபாடு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. ஆலயத்தினின்று வழிபாட்டை ஒலிபரப்புதல் அக்காலத்தில் புதுமை. அதற்கு முந்திய ஆண்டு அரசகுமாரர் திருமணத்தை ஒலிபரப்ப வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தார் இசைந்திலர். மதுக்கடையில் இருப்போர் தொப்பியைக் கழற்றாமற் கேட்டுவிடுவர் என அஞ்சினராம். ஷெப்பர்டுக்கோ மதுக்கடையில் இருப்போர் கேட்பதே வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர்க்கு வானொலி மற்றொரு கதவாகவே தோன்றியது போலும். வறியோர்க்காக அவ்வாலயத்திலிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் வானொலி வழியே வேண்டுகோள் விடுக்கும் வழக்கம் 1927ஆம் ஆண்டு முதல் நிலைத்தது, இன்றும் நடைபெறுகின்றது.

1925ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றும் கூறத்தக்கது. போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11 அன்று இரவு ஆல்பர்ட் மண்டபத்திற் பெரியதோர் ஆடல் விருந்து நடத்த ஏற்பாடாயிருந்தது. அந்நாள் தூய மார்ட்டினின் திருநாளும் ஆம். படைவீரராயிருந்தோர் வேலையின்றித் தெருவில் நிற்கக் களியாட்டு நிகழ்த்துதல் தகாதென ஷெப்பர்டு டைம்ஸ் பத்திரிகை வாயிலாக எதிர்த்தார். விருந்து வேறு நாளுக்கு மாற்றப்பட்டது. அம்மண்டபத்தில் அன்றிரவு அவரே நினைவு வழிபாடு நடத்தினார்.

பிறர்க்குத் திறந்த கதவு தமக்கும் திறந்தே இருந்தமையால் ஷெப்பர்டுக்கு உறக்கமில்லை. 1915இல் மணம் புரிந்து இரு பெண்மக்களுக்குத் தந்தையானவர்; ஆனால் அவ்வில்லமும் பாதி ஊராருடையதாகவே இருந்தது. ஈளை நோய் முற்றியது. 1926இல் ஆலயப் பொறுப்பை விட்டு விலகினார். மறு ஆண்டில், திருச்சபை தன் ஆண்டவரின் வழியினின்று எத்துணைத் தொலைவு விலகியுள்ளது என வருந்திப் பொறுமையிழந்த குரு ஒருவரின் குரலாக ஒரு நூல் எழுதினார்; அது பரபரப்பை விளைத்தது. 1929இற் கான்டர்பரிப் பேராலயத்தின் டீன் ஆனார். ஈராண்டில் மீண்டும் உடல் தளர்ந்து விலகினார். 1934 முதல் தூய பவுல் பேராலயத்துக் குருக்களுள் ஒருவராயிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில், போரைத் துறப்பேன் என உறுதி கூற விழைவோர் தமக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுமாறு பத்திரிகைகளில் வேண்டினார், பல்லாயிரவர் எழுதினர், 1936இற் சமாதான உறுதி சங்கம் தோன்றியது. இவ்வரலாறு தனியே எழுதத்தக்கது.

1937ஆம் ஆண்டு அவர்க்குத் துயர ஆண்டு. மனைவியார் இல்லத்தை விட்டுப் பிரிந்தார். அதன் காரணத்தை ஆராய்தல் நம் வேலையன்று. எல்லார்க்கும் வீடளித்தவரின் வீடு வெறுமையுற்றது என்று மட்டும் கூறி அமைவோம். அக்டோபர்த் திங்களில் கிளாஸ்கோப் பல்கலைக்கழக மாணவர், வின்ஸ்டன் சர்ச்சில் உள்ளிட்டோர் போட்டியிட்ட தேர்தலில், ஷெப்பர்டையே தம் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். சில நாள் கழித்து, அக்டோபர் 31ஆம் நாள், எழுதும் மேசையருகே உயிர் நீங்கிய நிலையிற் காணப்பட்டார். அகவை 57. அவர் உடல் தூய மார்ட்டின் ஆலயத்தில் வைக்கப்பட்டது. அதனைக் காண வந்தோர் ஓரிலட்சம் என மதிப்பிட்டனர். கான்டர்பரியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

ஒரு மனிதரின் நெஞ்சும் மூச்சும் தாங்கிய கதவு அவர்க்குப் பின் அடைபடுவதே உலக இயற்கை. இங்கே அவ்வாறாகவில்லை. பின்வந்த பாட் மக்கார்மிக் என்னுங் குருவானவர் 1940இல் இறக்கும்வரை அப்பணியைத் தளராது நடத்தினார். இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு அஞ்சியோர் அந்நிலவறையில் ஒதுங்கினர். 1948ஆம் ஆண்டில் ஆலயத்தார் சமூகப்பணிப் பிரிவு ஒன்றை நிறுவினர். இரக்கத்தோடு பயிற்சியும் வேண்டும் என்னும் அறிவு வந்தது. வீடற்றோர்க்காகப் பாடுபடும் ஷெல்டர் என்னும் இயக்கம் 1966ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் இவ்வாலயத்திலேயே தொடங்கப்பெற்றது. 2003ஆம் ஆண்டில் ஆலயத்தின் சமூகப்பணியும் அண்டையில் இயங்கிய மற்றோர் அமைப்பும் ஒன்றாகி, ஆலயத்தை அடுத்த அடிலெய்டு தெருவில் ஒரு நிலையமாக நடைபெற்று வருகின்றன. அங்கே குளிக்கவும் மருத்துவம் பெறவும் வேலைக்குப் பழகவும் நிலையான வீடு தேடவும் உதவி கிட்டுகின்றது.

நிலவறையில் இன்று சிற்றுண்டிச்சாலை உளது, இன்னிசை நிகழ்கின்றது, அவ்வருவாய் ஆலயப் பணிக்கு உதவுகின்றது. வீரர் படுத்த இடத்தில் வழிச்செல்வோர் காப்பி அருந்துகின்றனர். ஷெப்பர்டின் காட்சி இதனாற் சிதைந்ததா? இவ்வினாவை நாம் பலவாறு எண்ணிப் பார்த்தோம். கல்தரையிற் படுக்கவிடுதலினும் கட்டிலுள்ள அறையைத் தேடித் தருதல் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் ஒருபால் வழிபாடும் ஒருபால் உறக்கமும் நிகழ்ந்த அந்நிலை, அடுத்த தெருவிலுள்ள செம்மையான நிலையத்தால் முழுதும் ஈடு செய்யப்படுவதும் அன்று. வழிபட வந்தவர் உறங்குவோனைத் தாண்டியே உள்ளே செல்லவேண்டியிருந்தது. அது வழிபட வந்தவர்க்கும் ஒரு பாடமாயிருந்தது.

இதனை அவ்வாலயத்தாரும் உணர்ந்தனர் போலும். இலண்டன் தெருக்களில் வீடின்றி வாழ்ந்து அவ்வாண்டில் இறந்தோர்க்காக ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் அவ்வாலயத்தினுள் நினைவு வழிபாடு நடைபெறுகின்றது. மன்னர்க்கும் கடற்படைத் தலைவர்க்கும் மாடங்கள் அமைந்த அவ்விடத்தில், இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கின்றனர். சிலர்க்கு முழுப்பெயர் தெரிவதில்லை. தெருவில் வழங்கிய ஒற்றைப் பெயரே படிக்கப்பெறுகின்றது.